ஓய்வுநாட் பாடசாலையில் ஒரு பிள்ளை

என் பெரியப்பா பொய் எழுதியிருக்கிறார். எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலின் ஆண்டு நிறைவு மலரில் அந்தப் பொய் அச்சாகி, வெளிநாடுகளுக்கெல்லாம் தபாலில் போயிருக்கிறது. ஓய்வுநாட் பாடசாலை ஆசிரியை குடும்பச் சுமை காரணமாகத் தாமாகவே விலகிக்கொண்டபடியால்தான் பாடசாலை நின்றுபோனது என்று எழுதி, கீழே முன்னாள் சபைச் செயலாளர் என்று பெயரும் போட்டிருக்கிறார். அந்த ஆசிரியை என் அம்மா. அம்மா விலகவில்லை. பாடசாலையை நிறுத்தியது பெரியப்பா. அங்கே படித்த இருபத்துமூன்று பிள்ளைகளில் இருபத்திரண்டு பேரை வெளியே எடுத்ததும் அவர்தான். மிச்சம் இருந்த ஒரு பிள்ளை நான். என்னுடைய கதையை நானே சொல்கிறேன். அதில் எனக்கும் பங்கு இருக்கிறது, அதை மறைக்கவும் போவதில்லை.

எங்கள் ஊர் மானிப்பாய்க்குப் பக்கத்தில். ஊரில் பெரும்பாலும் சைவ ஆட்கள். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், என்று நாங்கள் முப்பது குடும்பம் வரும். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு எனக்குப் பத்து வயது. சண்டையால் மின்சாரம் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பா கொழும்பில் வேலை. பாதை திறந்தால் வருவார், மூடினால் கடிதம் வரும், சில மாதம் அதுவும் வராது. வீட்டில் அம்மாவும் நானும்தான். அம்மா ஊராருக்குச் சட்டை தைத்துக் கொடுப்பார்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சனி பொழுதுபடும்போதே தொடங்கிவிடும். அம்மா தையல் மெசினுக்கு மேலே பழைய படுக்கை விரிப்பைப் போர்த்துவார். மறுநாளுக்கான மீன் குழம்பை அன்றைக்கே வைத்து மூடுவார். என் பள்ளிக்கூடப் பை அலுமாரிக்கு மேலே ஏறும், திங்கள் விடியும்வரை இறங்காது. மெசினில் அரைகுறையாக நிற்பது யாருடைய கலியாணச் சட்டையாக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை ஊசி போடமாட்டார். ஒருமுறை ஒரு மாப்பிள்ளையின் தமையன் வந்து வாசலில் நின்று சத்தம் போட்டார். அம்மா தெறி தைக்காத சட்டையை மடித்துக் கையில் கொடுத்து, வேறு ஆளிடம் கொண்டுபோகச் சொன்னார். மாப்பிள்ளை தாலி கட்டும்போது சட்டையில் பொத்தானுக்குப் பதில் ஊசி குத்தியிருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

இதை வைத்து அம்மாவைப் பெரிய பக்தை என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் சரியான கோபக்காரி. மீன்காரரோடு தினமும் சண்டை. கோயிலில் எல்லோருக்கும் அரை அடி முன்னாலே பாடி, பாட்டை இழுத்துக்கொண்டு ஓடுவார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தன்னுடையதல்ல என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. காலை ஆராதனை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் எட்டரையிலிருந்து ஒன்றேகால் மணித்தியாலம் ஓய்வுநாட் பாடசாலை நடத்துவார். கதை, பாட்டு, வசனம் மனப்பாடம், கடைசியில் ஆளுக்கு ஒரு பிடி அவல். அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பித்தவரல்ல. என்றாலும் ஊர்ப்பிள்ளைகள், சைவப் பிள்ளைகள்கூட, அவரை ரீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

சைவ ஆட்களால் எங்களுக்கு ஒருநாளும் கரைச்சல் வந்ததில்லை. பக்கத்து வீட்டு மாமி வெள்ளிக்கிழமைகளில் மீன் வாடையே வீட்டுக்குள் விடமாட்டார். அதனால் அவருக்கு அம்மாவின் ஞாயிற்றுக்கிழமை நன்றாக விளங்கியது. இரண்டு பேரும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று, தங்கள் நாளை மதிக்காத ஆட்களைப் பற்றிச் சேர்ந்து திட்டுவார்கள். கடவுளே இல்லை என்று சந்தியில் நின்று கூட்டம் போட்ட இளைஞர்களாலும் கரைச்சல் இல்லை. அவர்கள் நினைத்ததை முகத்துக்கு நேரே சொன்னார்கள். கரைச்சல் வந்தது எங்கள் கோயிலின் முன் வாங்கில், பெரிய மனிதர்கள் இருக்கும் முதல் பெஞ்சில் இருந்து.

எங்கள் ஊரில் சைவமும் வேதமும் வெளிச்சட்டை. உள்ளே எல்லோருக்கும் ஒரே சமயம், அதன் பெயர் பரீட்சை. பெரியப்பா வீட்டு முன் அறையில் இயேசுவின் படம் ஒன்று இருந்தது. அதற்கு ஒரு சாண் மேலே, கண்ணாடிச் சட்டம் போட்டு, அவருடைய மூத்த மகன் மருத்துவ பீடத்துக்கு எடுபட்ட கடிதம் தொங்கியது. படம் தூசி பிடித்திருக்கும், கடிதம் துடைத்திருக்கும். இதை நான் இப்போது கோபத்தில் சொல்லவில்லை. அப்போதே கண்டேன். அப்போது அது சரியான ஒழுங்கு என்றே நினைத்தேன்.

பெரியப்பா அம்மாவின் தமக்கையின் கணவர். கல்விக் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். சபைச் செயலாளர். அவருடைய கடைசி மகனும் நானும் ஐந்தாம் வகுப்பில் ஒன்றாகப் படித்தோம். நான் வகுப்பில் முதலாம் பிள்ளை. அவன் எங்கே நின்றான் என்று நான் சொல்லமாட்டேன், இப்போது அவன் நல்ல நிலையில் இருக்கிறான். அந்த ஆவணியில் எங்களுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை.

ஊரில் ஒரு கணக்கு மாஸ்ரர் கிடுகுக் கொட்டிலில் ரியூசன் நடத்தினார். வலிகாமத்திலேயே அவருக்குப் பெயர். தை மாதம் அவர் ஞாயிறு காலையில் ஐந்தாம் வகுப்புக்கு விசேட வகுப்புத் தொடங்கப்போவதாக அறிவித்தார். கிறிஸ்தவப் பிள்ளைகள் எல்லோரும் பெயர் கொடுத்தார்கள், என்னைத் தவிர. ஒரு பின்னேரம் மாஸ்ரரே சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். நெற்றியில் திருநீறு, கையில் ஒரு கட்டு வினாத்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்தப் பிள்ளையை விட்டுவிட்டு வகுப்பு நடத்த மனம் வரவில்லை என்றார். மாவட்டத்திலேயே முன்னுக்கு வரக்கூடிய பிள்ளை என்றார். அதைக் கேட்டு எனக்குக் கதவுக்குப் பின்னால் கால் தரையில் நிற்கவில்லை.

"ஆறு நாள் கிடக்கு மாஸ்ரர்," என்றார் அம்மா. "ஆறையும் எடுங்கோ. விடிய வாங்கோ எண்டாலும் அனுப்புறன், பொழுதுபட்டு வாங்கோ எண்டாலும் அனுப்புறன். உந்த ஒண்டை மட்டும் நான் தரேலாது. அது என்ரையில்லை."

பிறகு மாஸ்ரர் சொன்ன விஷயம்தான் எனக்கு இன்றுவரை பற்றி எரிகிறது.

"ரீச்சர், நான் வெள்ளிக்கிழமை பின்னேரம் வகுப்பு வைக்கிறேல்லை. சனம் கோயிலுக்குப் போகும். அதுமாதிரி ஞாயிறு காலமையும் வேண்டாம், பின்னேரம் வைப்பம் எண்டுதான் நான் கேட்டனான். பின்னேரம் பிள்ளையளுக்கு நித்திரை தூங்கும், காலமை வையுங்கோ எண்டு சொன்னது உங்கடை அத்தான்தான்."

அம்மா அவருக்குத் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தார்.

திருநீறு பூசிய மனிதர் எங்கள் ஓய்வுநாளைப் பற்றி யோசித்திருக்கிறார். திருவிருந்தில் கிண்ணம் பிடிக்கும் மனிதர் யோசிக்கவில்லை.

மாசி மாதம் ஒரு மழையில் மாஸ்ரரின் கொட்டில் சரிந்தது. எங்கள் கோயில் மண்டபமோ வெள்ளைக்காரன் காலத்துக் கல்லுக் கட்டடம். ஓட்டுக் கூரை. வளவுக்குள் வாலிபர்கள் வெட்டிய பெரிய பங்கரும் இருந்தது. விமானம் வந்தால் பிள்ளைகள் ஓடி இறங்கலாம். பெரியப்பா சபைக் கமிட்டியைக் கூட்டினார். அம்மாவுக்கு அழைப்பு இல்லை, பெண்கள் கமிட்டியில் இல்லை. மண்டபத்தை ஞாயிறு காலையில் ரியூசனுக்குக் கொடுப்பது என்றும், பரீட்சை முடியும்வரை ஓய்வுநாட் பாடசாலையைத் தற்காலிகமாக நிறுத்துவது என்றும் தீர்மானித்தார்கள். எங்கள் போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். மூன்று கோயிலைச் சைக்கிளில் பார்த்த வயதான மனிதர். அவர் கையெழுத்துப் போட்டார். போடாவிட்டால் அவருக்கு எங்கள் ஊரில் மதியச் சாப்பாடு கிடைத்திராது.

தீர்மானத்தைச் சொல்லப் பெரியப்பா வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னார். அம்மா மெசினை நிறுத்தவில்லை. கால் மிதித்துக்கொண்டே இருந்தது.

"பிள்ளை, நீர் சும்மா பிடிவாதம் பிடிக்கிறீர். உம்மடை மோளின்ரை எதிர்காலம். சோதினை வரேக்கை கர்த்தர் வந்து விடைத்தாள் திருத்தமாட்டார்."

"திருத்துவார் அத்தான்," என்றார் அம்மா. "ஆனா வேறை தாள்."

பெரியப்பா சிரித்தார். ஊரெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தார். அடுத்த ஞாயிறு கோயிலில் இரண்டு பேர் என் அம்மாவைப் பார்த்து, வேறை தாள் எப்ப வருது ரீச்சர், என்று கேட்டார்கள். ஆராதனை முடிந்து கைகொடுக்கும் நேரத்தில் கேட்டார்கள்.

பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் தலையை நீட்டி அம்மாவிடம் விசாரித்தார். "உங்கடை ஆக்களுக்கு என்னடி பிடிச்சது? சோதினை வருதெண்டு நான் வெள்ளிக்கிழமை மீன் காய்ச்சுவனே?" அம்மா கிணற்றடிக்குப் போய்விட்டார். தன் ஆட்களைச் சைவ ஆளுக்கு முன்னால் விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை. நான் விட்டுக்கொடுக்கிறேன். இத்தனை வருடம் மூடி வைத்ததால்தான் பெரியப்பாவுக்கு மலரில் எழுதத் துணிவு வந்தது.

அந்த ஞாயிறு எட்டரைக்கு அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனார். வாசலில் மாஸ்ரரின் கரும்பலகை. உள்ளே இருபத்திரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களோடு சைவப் பிள்ளைகள் முப்பது பேர். ஐந்தாம் வகுப்பு மட்டுமல்ல, தம்பி தங்கச்சிமாரையும் தாய்மார் கொண்டுவந்து பின்னால் இருத்தியிருந்தார்கள், காதில் விழட்டும் என்று. அம்மா ஒருவரையும் எழுப்பவில்லை. ஒரு சின்ன வாங்கைத் தூக்கி வெளியே கொண்டுவந்தார். மண்டபத்தை ஒட்டி மணிக்கோபுரம், நான்கு தூணும் நடுவில் கொஞ்ச நிழலும். அங்கே வாங்கைப் போட்டு என்னை இருக்கச் சொன்னார். பிறகு பாடசாலையைத் தொடங்கினார்.

முதலில் வரவு. அம்மா இருபத்துமூன்று பெயரையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். மெதுவாக அல்ல, வழக்கமான குரலில். மண்டபத்து யன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. ஐந்தாவது பெயரோ ஆறாவது பெயரோ, உள்ளே இருந்து ஒரு பொடியன் பழக்கத்தில் "பிறசன்ற் ரீச்சர்" என்று கத்திவிட்டான். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. அம்மா அவன் பெயருக்கு நேரே சரி அடையாளம் போட்டார். அவன் வரவில்லையே என்று நான் கேட்டேன்.

"சத்தம் கேட்டது," என்றார் அம்மா. "வந்தவன்தான்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அது பொடியன்களுக்கு விளையாட்டாகிவிட்டது. பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே இருந்து ஒருத்தன் ஆட்டுக் குரலில் பதில் சொல்வான், ஒருத்தன் பெண் குரலில் சொல்வான். அம்மா எல்லாவற்றையும் வரவில் சேர்த்துக்கொண்டார். மாஸ்ரர் அவர்களை அதட்டுவார். எனக்குச் செத்துப்போகலாம் போல இருக்கும்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு அம்மாமேல் கோபம். ஒரு பிள்ளைக்கு ஒன்றேகால் மணித்தியாலம் கதை சொல்வதும், ஒரு பிள்ளையோடு சேர்ந்து பாட்டுப் பாடுவதும், போகிறவர் வருகிறவர் மதிலுக்கு மேலால் பார்ப்பதும் எனக்கு வெட்கம். முதலாம் பிள்ளையாக நான் உள்ளே முதல் வரிசையில் இருக்க வேண்டியவள். என் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பியெல்லாம் உள்ளே, நான் வெளியே கோபுரத்துக்குக் கீழே கட்டிப்போட்ட ஆடு மாதிரி. பள்ளிக்கூடத்தில் என்னை மணி அடிக்கிறவள் என்று கூப்பிட்டார்கள். இதையெல்லாம் நான் அம்மாவிடம் சொல்லவில்லை. வேறொன்று செய்தேன். காதைத் திருப்பிக்கொண்டேன். கண் அம்மாவின் முகத்தில், காது யன்னலில். அம்மா சொல்லும் கதைக்குத் தலையை ஆட்டிக்கொண்டே மாஸ்ரர் சொல்லும் கணக்கை மனதில் செய்து முடித்துவிடுவேன். வீட்டுக்கு வந்து பழைய கொப்பியின் பின் மட்டையில் விடையை எழுதி வைப்பேன். பை அலுமாரிக்கு மேலே இருந்தது, ஆனால் நான் ஞாயிறு முழுக்க ரியூசனில்தான் இருந்தேன். வாங்கில் அம்மாவுக்கு முன்னால் இருந்தது என் உடம்பு மட்டும்தான்.

சித்திரை கழிந்து ஒரு ஞாயிறு. கதை முடிந்து அம்மா செபம் பண்ணிக்கொண்டிருந்தார். அம்மாவின் செபம் நீளமானது. அப்பாவுக்கு, பாதைக்கு, சண்டைக்கு, ஐயரின் முழங்காலுக்கு. பிறகு உள்ளே இருந்த இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் பெயர் பெயராக. ஒருத்தரையும் திட்டவில்லை, பரீட்சையில் நன்றாகச் செய்ய வேண்டும் என்றுகூடக் கேட்டார். அதே நேரம் உள்ளே மாஸ்ரர் ஒரு கணக்குப் போட்டார். நேரான வேலி ஒன்றில் பத்துக் கதியால் நட்டிருக்கிறது. ஒரு கதியாலுக்கும் அடுத்த கதியாலுக்கும் இடையில் மூன்று அடி. முதல் கதியாலில் இருந்து கடைசிக் கதியால்வரை எத்தனை அடி?

முப்பது என்று மண்டபமே கத்தியது. இல்லை என்றார் மாஸ்ரர். முப்பத்துமூன்று என்றான் ஒருத்தன். இல்லை. பிறகு ஆளாளுக்கு வாயில் வந்ததைச் சொன்னார்கள். எனக்கு விடை தெரிந்திருந்தது. எங்கள் வீட்டு வேலியிலேயே எண்ணிப் பார்க்கலாம், கதியால் பத்து என்றால் இடைவெளி ஒன்பதுதான். அம்மா கண்ணை மூடிக்கொண்டு பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியப்பாவின் கடைசி மகனின் பெயருக்கு வந்திருந்தார். அந்தப் பெயரை அவர் சொல்லி முடிக்கவும் நான் வாங்கில் இருந்து எழும்பி யன்னல் பக்கம் பார்த்துக் கத்தினேன்.

"இருபத்தேழு!"

உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். மேசையில் தட்டிச் சிரித்தார்கள். மண்டபத்து வாசலில் கதிரை போட்டு மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா எழும்பி வந்தார். அவரும் சிரித்துக்கொண்டுதான் வந்தார்.

"பாத்தீரே பிள்ளை? இவள் எந்தப் பள்ளிக்கூடத்திலை படிக்கிறாள் எண்டு?"

அம்மா கண்ணைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை. பெரியப்பாவையும் பார்க்கவில்லை. யன்னலுக்குள் நின்ற மாஸ்ரரைப் பார்த்தார்.

"பிள்ளை சொன்னது சரியோ மாஸ்ரர்?"

மாஸ்ரர் சிரிக்கவில்லை. கையில் இருந்த வெண்கட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சரி, ரீச்சர்," என்றார்.

"அப்ப போ," என்றார் அம்மா என்னிடம்.

கோபமாகச் சொல்லவில்லை. கடைக்குப் போய்வா என்பது மாதிரிச் சொன்னார். நான் ஓடினேன். அம்மா விட்டுவிட்டார், அம்மாவுக்கும் விளங்கிவிட்டது, இனி வெட்கமில்லை என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். முதல் வரிசையில் எனக்கு இடம் விட்டார்கள். பெரியப்பா தன் கையாலேயே எனக்கு ஒரு பென்சில் தந்தார். அந்தச் செபத்துக்கு ஆமென் சொல்லாமலே விட்டோம் என்பது எனக்கு அன்று இரவு படுக்கும்போதுகூட நினைவுக்கு வரவில்லை.

ஆவணியில் பரீட்சை எழுதினேன். நல்ல புள்ளி. மாஸ்ரரின் துண்டுப் பிரசுரத்தில் என் பெயர் முதலில் வந்தது. பெரியப்பாவின் மகனும் எப்படியோ சித்தி. கோயிலில் ஸ்தோத்திர ஆராதனை வைத்தார்கள். பெரியப்பா என்னைப் பீடத்துக்கு முன்னால் கூப்பிட்டு நிறுத்தி, சபை தன் மண்டபத்தைக் கல்விக்குத் திறந்ததால் வந்த ஆசீர்வாதம் இது என்று பேசினார். சனம் கை தட்டியது. எங்கள் கோயிலுக்குள் கை தட்டுவது வழக்கமில்லை, பாட்டுக்குக்கூடத் தட்டமாட்டோம். அன்றைக்குத் தட்டினார்கள். அம்மா மூன்றாம் வாங்கில் இருந்தார். அவர் தட்டினாரா என்று நான் பார்க்கவில்லை.

பரீட்சை முடியும்வரை என்பதுதான் தீர்மானம். பரீட்சை முடிந்தது. மண்டபம் திரும்பி வரவில்லை. அடுத்த வருடப் பிள்ளைகள் வந்தார்கள், அவர்களுக்கு அடுத்த வருடப் பிள்ளைகள் வந்தார்கள். நான் பெரிய பள்ளிக்கூடம் போனேன். எனக்கு ஞாயிற்றுக்கிழமையில் வேறு ஊரில் விஞ்ஞான வகுப்பு. அம்மா அதற்கும் போ என்றார். ஆராதனை முடிந்ததும் நான் சைக்கிளை எடுப்பேன். கோயிலைக் கூட்டிப்போட்டு வாறன், நீ போ, என்பார் அம்மா. நான் பத்துமணி வகுப்புக்குக் கொப்பி எடுக்க வீட்டுக்கு வந்து புறப்படும்போதும் அவர் வந்திருக்கமாட்டார். மூன்று வருடம், ஒரு ஞாயிறு தவறாமல், தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து ஊரே எழும்பி ஓடும்வரை இப்படித்தான். கோயில் கூட்டுவதற்குச் சபை ஆள் வைத்திருந்தது. ஆராதனைக்கு முன்னாலேயே அவர் கூட்டி முடித்துவிடுவார். இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே மூன்று வருடம் அந்தப் பதிலை நம்பினேன். கணக்கில் கெட்டிக்காரி நான்.

அம்மா செத்த வீட்டில்தான் மாஸ்ரரை மறுபடி கண்டேன். கிழவனாகிவிட்டார். கண் சரியாகத் தெரியாது. என் கையைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்குச் சரி என்று சொல்லியிருக்கக் கூடாது என்றார். பிழை என்று சொல்லியிருந்தால் நான் வெளியிலேயே இருந்திருப்பேன் என்றார். அது முடியாது மாஸ்ரர், விடை சரிதானே என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"வாங்கையும் நாங்கள் உள்ளுக்கு எடுத்துப்போட்டம் பிள்ளை. ரீச்சர் வீட்டிலையிருந்து கோபுரத்தடிக்குப் பாய் கொண்டுவாறவ. எட்டரை எண்டாச் சரியா வந்து முழுப் பாயையும் விரிப்பா. விரிச்சுப்போட்டு ஒரு ஓரத்திலை இருப்பா. ஒரு பிள்ளையும் வராது. ஒன்பதே முக்காலுக்குச் சுருட்டிக்கொண்டு போவா. நான் யன்னலாலை பாத்துக்கொண்டு கணக்குப் படிப்பிப்பன். ஒரு நாளாவது, போய் இருங்கோடா எண்டு ரெண்டு பேரை எழுப்பி அனுப்பியிருக்கலாம்."

அவர் அழுதார். சைவ மனிதர், எங்கள் கோயிலில் ஒரு பொறுப்பும் இல்லாதவர், அம்மாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதார். பெரியப்பாவும் அந்தச் செத்த வீட்டுக்கு வந்திருந்தார். யார் யாருடைய பிள்ளை எந்தப் பல்கலைக்கழகம் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஆகவே, குடும்பச் சுமையால் விலகினார் என்று அச்சில் போட்ட பெரியப்பாவுக்கு இதை எழுதுகிறேன். அடுத்த மாதம் ஆண்டு நிறைவு ஆராதனைக்கு நீங்கள் வருகிறீர்கள், முன் வாங்கு உங்களுக்கு ஒதுக்கியிருக்கிறது. நானும் வருகிறேன். எனக்குக் கடிதம் போட வேண்டாம், தொலைபேசி எடுக்க வேண்டாம், ஆள் அனுப்ப வேண்டாம். எழும்பி நின்று, சபைக்கு முன்னால், இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்கோ. மாஸ்ரர் பின்னேரம் போதும் என்று கேட்டபோது காலைதான் வேண்டும் என்று ஏன் சொன்னீர்கள்? மூன்று வருடம், ஞாயிற்றுக்கு ஞாயிறு, மண்டபத்து வாசலில் கதிரை போட்டு இருந்தீர்களே, இருபது அடி தள்ளி ஒரு மனுசி வெறும் பாயில் இருந்ததைக் கண்டீர்களா, இல்லையா?